நில்லக்காவின் நாற்காலி

அந்த மருந்துக் கிடங்கில் அவளை எல்லோருமே அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். மேலாளருக்கு அவளைவிட வயது அதிகம். அவருக்கும் அவள் அண்ணி. வேன் ஓட்டுகிறவருக்கு அண்ணி. போனில் ஆர்டர் சொல்கிற, முகமே பார்த்திராத கடைக்காரர்கள்கூட "அண்ணி இருக்காங்களா?" என்று கேட்டார்கள். இத்தனை பேருக்கு அண்ணியாகும் ஆசை அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. பக்கத்து நாற்காலியில் அவளுடைய நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். அவள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எல்லார் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

நாத்தனாருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. நில்லக்கா. அது வந்த விதத்தைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அந்தக் கிடங்கின் கணினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அண்ணியே பல வருஷம் பொறுத்துக்கொண்டாள்.

மாத்திரை, ஊசி, பஞ்சு, டயப்பர் என்று கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் மொத்தமாக அனுப்புகிற இடம் அது. முன்பக்கம் அலுவலக அறை, நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு, அந்தப் பக்கம் கூரை உயரத்துக்கு அட்டைப்பெட்டிகள். அண்ணி முன்பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு ஆர்டரையும் ஒரே ஒரு வரியாகக் கணினியில் அடிப்பாள். யாருக்கு, என்ன சரக்கு, எத்தனை பெட்டி, எந்த வேன் என்று எல்லாம் குறியீட்டில், ஒரே மூச்சில். என்டர் தட்டியதும் பின்பக்கத்து அச்சுப்பொறி கரகரவென்று சீட்டைத் துப்பும். ஆட்கள் பெட்டியைத் தூக்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் "ஐயோ, அது இல்ல" என்று கையை உதறிப் பிரயோஜனம் இல்லை.

அந்த வரியை வாங்கிக்கொள்ளும் ப்ரோக்ராம் இருக்கிறதே, அது ஒரு சிடுமூஞ்சி. கறுப்புத் திரை, கண்சிமிட்டும் ஒரு சின்னக் கோடு, வேறு ஒன்றும் கிடையாது. அதை எழுதியவர் எந்தக் காலத்திலோ வேலையை விட்டுப் போய்விட்டார். போனவர், அதைப் பிரித்துப் பார்த்துத் திருத்துவதற்கு எதையும் விட்டுவைக்கவில்லை. வரியின் ஆரம்பத்தில் ஒரு எழுத்து தப்பு என்று கடைசியில் வந்து கண்டுபிடித்தால், பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போய், மறுபடி எல்லாவற்றையும் அடிக்க வேண்டும். இடப்பக்க அம்பு விசையைத் தட்டி நேராக அந்த எழுத்துக்கே போய்விடலாமே என்று புத்திசாலிகள் கேட்பார்கள். தட்டினால் கோடு இம்மிகூட நகராது. அதற்குப் பதிலாகத் திரையில் ஒரு குட்டிக் கூரை, இரண்டு சதுர அடைப்புக்குறி, ஒரு டி என்று எதையோ வாந்தி எடுக்கும். இன்னொரு தரம் தட்டினால் இன்னொரு கூரை, இன்னொரு டி. கோபத்தில் தட்டத் தட்ட ஒரு குடியிருப்பே எழும்பிவிடும்.

அதனால் அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். அடிக்கிறவருக்கு ஒரு நாற்காலி, பார்க்கிறவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. பார்க்கிறவர் ஆர்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு திரையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. தப்பான எழுத்து விழுந்ததுமே "நில்லு" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு எழுத்தோடு பிடித்துவிட்டால் ஒரு எழுத்தை அழித்தால் போதும்.

முன்பெல்லாம் அந்த நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் ஓய்வு பெற்றதும், மேலாளர் யாரைப் போடலாம் என்று தலையைச் சொறிந்தார். அண்ணி சட்டென்று சொன்னாள். "எங்க வீட்ல ஒருத்தி இருக்கா சார். தப்புன்னா விடவே மாட்டா."

நாத்தனார் அப்போதுதான் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். புகுந்த வீட்டை விட்டு ஒரேயடியாக வந்துவிட்டாள். பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். என்ன ஆச்சு, யார் மேல தப்பு, மொதல்லேர்ந்து சொல்லு. சொல்லி முடித்தால் இன்னொரு அத்தை வருவாள், அவளுக்கும் மொதல்லேர்ந்து. அண்ணி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "முட்டை வேகவச்சது இருக்கு, ரெண்டா ஒண்ணா?" என்றாள். அண்ணிக்கு அதில் பெரிய கருணை எதுவும் இருந்ததாக நினைவில்லை. அன்றைக்கு அவளுக்கே நல்ல பசி.

வேலைக்கு வந்த முதல் நாளே நாத்தனார் அந்த அறையின் தூக்கத்தைக் கலைத்துவிட்டாள். "நில்லு!" என்று அவள் போட்ட சத்தத்தில் கணக்கர் பேனாவைக் கீழே போட்டார். வீட்டில் அவள் அண்ணியிடம் 'நீங்க, வாங்க' என்று மரியாதையாகத்தான் பேசுவாள். திரையின் முன்னால் மட்டும் "நில்லு" தான். "நில்லுங்க அண்ணி" என்று மரியாதை சேர்த்து முடிப்பதற்குள் அண்ணியின் விரல் இன்னும் நான்கு எழுத்து ஓடிவிடும் என்று அவள் கொடுத்த விளக்கத்தை யாராலும் மறுக்க முடியவில்லை. அதிலிருந்து அவள் நில்லக்கா ஆனாள்.

பிறந்த வீட்டிலும் சரி, போன வீட்டிலும் சரி, அவள் பேச்சுக்கு யாரும் நின்றதில்லை. இங்கே அவள் ஒரு சொல் சொன்னால் பத்து விரல்கள் அப்படியே அந்தரத்தில் நின்றன. அந்த நாற்காலியில் உட்காரும்போது அவளுக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும். பார்க்கவே நன்றாக இருக்கும்.

ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவளின் காதையும் நாம் நினைத்துப்பார்க்க வேண்டும். காலையில் நில்லு. மத்தியானம் நில்லு. அண்ணி ஒன்றும் தப்பும் தவறுமாக அடிக்கிறவள் இல்லை, வேகமாக அடிக்கிறவள். வேகத்தில் விரல் பக்கத்து விசையை ஒரு இடி இடித்துவிட்டுப் போகும், தனக்கே உடனே தெரியும். தெரிந்து அழிக்கப் போவதற்குள் காதுக்குள் "நில்லு!" விழும். நாத்தனார் ஒருத்தி வீட்டில் தப்புக் கண்டுபிடித்தால் கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்கு ஓடிவந்துவிடலாம். வேலையே அதுவாக இருந்தால் எங்கே ஓடுவது? அண்ணி சாலையைக் கடக்கும்போது யாரோ யாரையோ "நில்லு" என்று கூப்பிட்டால்கூட நடுச்சாலையில் நின்றுவிடுகிற நிலைமைக்கு வந்துவிட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற அவள் புருஷன், "ரெண்டு பேரும் சேர்ந்து போறீங்க, சேர்ந்து வரீங்க, எவ்வளவு நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவள் பார்த்த பார்வையில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான்.

கணினிகளைப் பழுது பார்க்க அவ்வப்போது ஒருவர் வருவார். எப்போதும் தோளில் சுருள் சுருளாக வயர் தொங்கும் என்பதால் வயர்க்காரர். ஒருநாள் அவர் மேசைக்கு அடியில் தலையை விட்டிருந்தபோது அண்ணி கேட்டாள்.

"ஏங்க, இந்த அம்பு விசைய வேலை செய்ய வைக்க முடியாதா?"

"ப்ரோக்ராம்ல அந்த வசதி இல்லையேம்மா."

"சேர்க்க முடியாதா?"

"ப்ரோக்ராமைத் தொட முடியாது. ஆனா தொடவே வேணாம்." வயர்க்காரர் தலையை வெளியே எடுத்தார். இந்தக் கணினிக்காரர்களுக்கு இப்படி ஒரு வியாதி. முடியாது என்று சொல்லி நம் முகம் வாடியதும்தான் முடியும் என்பார்கள். "இதுக்குன்னே ஒரு குட்டி ப்ரோக்ராம் இருக்கு. அது உங்க ப்ரோக்ராமுக்கு முன்னாடி வாசல்ல உக்காந்துக்கும். நீங்க அதுகிட்டதான் அடிப்பீங்க. முன்னாடி போங்க, பின்னாடி போங்க, நடுவுல ஒரு எழுத்தச் செருகுங்க, எல்லாத்துக்கும் விடும். என்டர் தட்டினதும் முடிஞ்ச வரிய மட்டும் உள்ள கொண்டுபோய்க் கொடுக்கும். நடுவுல இப்படி ஒருத்தர் இருக்கார்னே உங்க ப்ரோக்ராமுக்குத் தெரியாது."

"அப்போ நான் எத்தனை தடவை தப்புப் பண்ணினேன்னு உள்ள யாருக்கும் தெரியாதா?"

"ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

அண்ணிக்கு அப்போதே அந்தக் குட்டி ப்ரோக்ராமைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

வயர்க்காரர் அதைக் கணினியில் இறக்கி வைத்துவிட்டு, மீதியை அவளையே செய்யச் சொன்னார். பெரிய வேலை எதுவும் இல்லை. காலையில் கிடங்கு ப்ரோக்ராமைக் கிளப்புவதற்கு ஒரு கட்டளை அடிப்பார்களே, அதற்கு முன்னால் இந்தக் குட்டியின் பெயரையும் ஒரு இடைவெளியையும் சேர்க்க வேண்டும். அண்ணி சேர்த்தாள். அதே கறுப்புத் திரை வந்தது, அதே கோடு கண்சிமிட்டியது. வேண்டுமென்றே ஒரு வரியைத் தப்பாக அடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இடப்பக்க அம்பைத் தட்டினாள். கூரை இல்லை, டி இல்லை. கோடு ஒரு எழுத்து பின்னால் நகர்ந்தது. இன்னொரு தட்டு, இன்னொரு எழுத்து. அவள் அதை வரியின் தலைவரைக்கும் கொண்டுபோய், வால்வரைக்கும் கொண்டுவந்து, மறுபடி தலைக்குக் கொண்டுபோனாள். புதுச் செருப்புப் போட்டவர்கள் அறைக்குள்ளேயே நடந்து பார்ப்பார்களே, அப்படி.

"மேல் அம்பு தட்டிப் பாருங்க" என்றார் வயர்க்காரர். தட்டினாள். போன வரி அப்படியே வந்து நின்றது. அதற்கு முந்தினதும் வந்தது. "இனிமே முழுசா அடிக்கவே வேணாம். பழைய வரியக் கூப்பிட்டு, மாத்த வேண்டியத மட்டும் மாத்திக்கலாம்."

அந்த வாரம் அண்ணியின் வாழ்க்கையிலேயே இனிமையான வாரம். இரண்டு நாள் நில்லக்கா பழக்கத்தில் "நில்" வரைக்கும் வந்து, "லு" வருவதற்குள் கோடு பின்னால் ஓடித் தப்பைச் சரி செய்துவிட்டதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். மூன்றாம் நாள் வாயைத் திறக்கவே இல்லை. ஆர்டர் தாளை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறை அமைதியாக இருந்தது. கணக்கர் ஒரு பேனாவைக்கூடக் கீழே போடவில்லை.

அமைதியாக இருந்தால் மேலாளருக்கு யோசனை வரும் என்பது அண்ணிக்குத் தோன்றாமல் போயிற்று. அவர் தேநீரோடு வந்து பின்னால் நின்றார். அண்ணியின் விரலைப் பார்த்தார். நில்லக்காவின் மூடிய வாயைப் பார்த்தார். இரண்டு நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார். "அக்கா, நீங்க கொஞ்ச நாள் பின்னாடி போய்ப் பெட்டி மடிச்சுக் கொடுங்க. மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம். அதுக்கு மேல அங்கேயும் ஆள் தேவைப்படாதுன்னு நெனைக்கிறேன்."

நில்லக்கா எழுந்து, சேலையைச் சரி செய்துகொண்டு, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாள். போகும்போது நாற்காலியை மேசைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். சத்தம் போக வேண்டும் என்றுதான் அண்ணி ஆசைப்பட்டாள். சத்தத்தோடு ஆளும் போய்விடும் என்று கணக்குப் போடவில்லை. மாசக் கடைசியில் நாத்தனார் மறுபடி வீட்டிலேயே உட்கார வேண்டும். அத்தைகள் மறுபடி வருவார்கள். மொதல்லேர்ந்து சொல்லு என்பார்கள்.

வீட்டிலும் சத்தம் நின்றுபோயிற்று. முன்பெல்லாம் அடுப்பில் பால் பொங்கப் போவதை அடுத்த அறையிலிருந்தே முகர்ந்து "அண்ணி, பால்!" என்பாள். இப்போது பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. இவள் பக்கத்திலேயே நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினான், பார்த்தாள், சொல்லவில்லை. அவன் அப்படியே கடைக்குப் போய், வந்தவர்கள் கண்ணையெல்லாம் பரிசோதித்துவிட்டுத் திரும்பி வந்தான். ஒருத்தரும் அதைக் கவனிக்கவில்லையாம். அந்தக் கடையின் கண்ணாடிகளைப் பற்றி அண்ணிக்கு அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது.

அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று அண்ணி முடிவு செய்தாள். சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டே மனசுக்குள் ஒரு வரி அடித்தாள். 'உன் வேலை போறதுக்கு நான்தான் காரணம், ஆனா மேலாளர் இப்படிப் பண்ணுவார்னு எனக்குத் தெரியாது, நீயும் கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம்.' கடைசித் துண்டு நன்றாக இல்லை, அழித்தாள். அம்பைப் பின்னால் நகர்த்தி 'ஆனா'வை எடுத்தாள். மேலாளரை எடுத்தாள். 'நான்தான் காரணம்' என்பதன்மேல் கோடு வந்து நின்று ரொம்ப நேரம் கண்சிமிட்டியது. அதையும் எடுத்தாள். திருத்தித் திருத்திக் கடைசியில் மிஞ்சியது "சாப்பிட வா" மட்டும். அதைத்தான் அனுப்பினாள். நாத்தனார் வந்து, சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

சரி, வாயால் முடியாததைக் கையால் செய்யலாம் என்று இன்னொரு யோசனை. மேலாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாலு வரியைக் கன்னாபின்னாவென்று தப்பாக அடித்தால், பார்க்க ஆள் வேண்டும் என்று அவருக்கே உறைக்கும் அல்லவா? மறுநாள் அவர் தேநீரோடு பின்னால் வந்து நின்றதும், அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு எழுத்தைத் தப்பாகத் தட்டினாள். அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் அவள் சுண்டுவிரல் தானாக அம்புக்குப் போய், பின்னால் நகர்ந்து, திருத்திவிட்டு வந்துவிட்டது. மறுபடி தப்பாக அடித்தாள். மறுபடி திருத்திற்று. அவள் விரலே அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. "பிரமாதம்" என்று தேநீரை உறிஞ்சிவிட்டு மேலாளர் போய்விட்டார்.

மாசக் கடைசி நெருங்கிவிட்டது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நில்லக்கா தட்டை அட்டைகளை எடுத்து, மடக்கி, பிசின் நாடா ஒட்டி, பெட்டியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். முதுகு வளைந்திருந்தது. அண்ணி ஒரு கண்ணை அந்த முதுகின் மேல் வைத்துக்கொண்டு ஒரு கண்ணால் அடித்தாள். இப்போதெல்லாம் அவள் முழு வரி அடிப்பதே கிடையாது. மேல் அம்பைத் தட்டிப் பழைய வரியைக் கூப்பிடுவாள், சரக்கை மாற்றுவாள், எண்ணிக்கையை மாற்றுவாள், வேனை மாற்றுவாள், என்டர். குழந்தைகள் காப்பகம் ஒன்றுக்குக் கைக்குழந்தை டயப்பர் இரண்டு பெட்டி போயிற்று. அடுத்த ஆர்டர் முதியோர் இல்லம், பெரியவர்களுக்கான டயப்பர், அறுபது பெட்டி. மேல் அம்பு, சரக்கு, எண்ணிக்கை, வேன், என்டர். பின்பக்கம் அச்சுப்பொறி கரகரத்தது. பெட்டிகள் நகர்ந்தன.

அப்போது கேட்டது அந்தச் சத்தம்.

"நில்லு!"

கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது. தோளில் பெட்டி தூக்கியவர் ஒற்றைக் காலில் நின்றார். கிளம்பப் போன வேன் குலுங்கி நின்றது. மேலாளரின் தேநீர்க் கோப்பை வாய்க்கும் மேசைக்கும் நடுவில் நின்றது. அண்ணியின் பத்து விரல்களும் விசைப்பலகையை விட்டு அந்தரத்துக்கு எழும்பி நின்றன. அந்த நொடியில், என்ன தப்பு என்று தெரிவதற்கு முன்பே, அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். அதை நினைத்து அவள் பிறகு வெட்கப்பட்டாள், ஆனால் வந்தது சந்தோஷம்தான்.

நில்லக்கா கையில் சீட்டோடு அலுவலக அறைக்குள் வந்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது. ஆளுக்கு முன்னால் சீட்டு வந்தது.

"அண்ணி, குழந்தைங்க காப்பகத்துக்கு எதுக்குப் பெரியவங்க டயப்பர் அறுபது பெட்டி?"

அண்ணி திரையைப் பார்த்தாள். எழுத்து ஒன்றுகூடத் தப்பில்லை. வரி கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. ஆரம்பத்தில் இருந்த காப்பகத்தின் குறியீடு மட்டும் போன வரியிலிருந்து அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது. பழைய வரியை மாற்றும்போது எல்லாவற்றையும் மாற்றியவள் 'யாருக்கு' என்பதை மாற்ற மறந்துவிட்டாள். முழுசாக அடித்த காலத்தில் இப்படி ஒரு தப்பு நடக்க வழியே இல்லை. அடித்தால்தானே எழுத்து வரும்.

வேன் டிரைவர் எட்டிப்பார்த்து, "அந்தக் காப்பகத்துல குழந்தைங்கள நல்லா வளர்க்கறாங்க போல" என்றார். யாரும் சிரிக்கவில்லை. கணக்கர் மட்டும் பேனாவைக் கீழே போட்டுவிட்டு மேசைக்கு அடியில் போய்ச் சிரித்தார்.

மேலாளரின் முகம் சிவந்துவிட்டது. "எல்லாம் அந்த வயர்க்காரன் வேலை. கண்டதையும் கொண்டுவந்து மாட்டிட்டான். அண்ணி, மொதல்ல அதக் கழட்டுங்க. பழைய மாதிரியே இருக்கட்டும்."

அண்ணி வாயைத் திறந்தாள். ஆமாம் சார், அந்த மெஷின்தான் காரணம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். குட்டி ப்ரோக்ராம் போய்விடும், பழைய கூரையும் டியும் திரும்பி வரும், பக்கத்து நாற்காலிக்கு ஆள் வேண்டும். எல்லாம் தானாக நடக்கும். இத்தனை நாள் திருத்தித் திருத்திப் பார்த்த வரி அப்போது திருத்தாமல் வெளியே விழுந்தது.

"அதுமேல தப்பில்ல சார். நான்தான் தாளைப் பாக்காம அடிச்சேன். இவ பக்கத்துல இல்லாம போனதுலேர்ந்து எனக்கு மனசே வேலைல இல்ல."

நில்லக்கா அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. சீட்டைத்தான் பார்த்தாள்.

"கழட்ட வேணாம் சார்" என்றாள். "அண்ணிக்கு அந்த அம்பு ரொம்பப் பிடிச்சிருக்கு. பக்க அம்பு இருக்கட்டும். பழசக் கூப்பிடுற மேல் அம்ப மட்டும் அடைச்சிடலாம்."

"சரி, அடைச்சாச்சு. எழுத்துத் தப்ப அண்ணியே திருத்திப்பாங்க. அப்புறம் நீங்க எதுக்கு?"

"டயப்பர யார் சார் பாக்குறது?"

மேலாளர் அவள் கையிலிருந்த சீட்டை வாங்கிப் படித்தார். அறுபது பெட்டி காப்பகத்து வாசலில் இறங்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அவர் கண்முன்னால் ஓடியது முகத்தில் தெரிந்தது. கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, மேசைக்கு அடியில் தள்ளி வைத்திருந்த நாற்காலியைத் தானே வெளியே இழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

அண்ணி வயர்க்காரருக்குப் போன் செய்தாள். பழைய வரி எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாதே என்று அந்தக் குட்டியிடம் சொல்ல முடியுமா என்று கேட்டாள். தாராளமாக முடியுமாம். கிளப்புகிற கட்டளையில் குட்டியின் பெயருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சின்னத் துண்டு சேர்க்க வேண்டும். அவர் போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், அண்ணி அடித்தாள். அதில் ஒரு இடத்தில் விரல் இடறியது. பக்கத்திலிருந்து ஒரு மூச்சு உள்ளே இழுபடும் சத்தம் கேட்டது. ஆனால் சொல் வரவில்லை. அண்ணி அம்பைத் தட்டித் தானே திருத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை முதல் ஆர்டர் அந்த முதியோர் இல்லத்துடையதே. வேன் வாசலில் கிளம்பத் தயாராக நின்றது. அண்ணி முழு வரியையும் முதலிலிருந்து அடித்தாள். நடுவில் இரண்டு தப்பு. இரண்டு தரமும் பின்னால் போய்த் திருத்திவிட்டு வந்தாள். பக்கத்து நாற்காலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்; அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது முழங்கால் ஆடுவதில் தெரிந்தது. வரி முடிந்தது. அண்ணியின் விரல் என்டருக்கு மேலே போய் நின்றது. அழுத்தவில்லை.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள். திரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். "இந்த அம்ப வேலை செய்ய வைங்கன்னு அந்த வயர்க்காரர்கிட்ட நான்தான் கேட்டேன். உன் சத்தம் தாங்கலன்னுதான் கேட்டேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீங்க கேக்கும்போது நான் பக்கத்துலதானே அண்ணி உக்காந்திருந்தேன்."

அண்ணிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. உண்மைதான். அன்றைக்கும் அவள் இதே நாற்காலியில்தான் இருந்தாள். வேறு எங்கே இருந்திருப்பாள்?

"அப்போ ஏன்டி என்னை நில்லுன்னு சொல்லல?"

நில்லக்கா ஆர்டர் தாளின் ஓரத்தை நீவினாள். "என் சத்தம் சில நாள் எனக்கே தாங்கல" என்றாள். "அதுவும் இல்லாம, நான் பெட்டியோட வந்து நின்னப்போ நீங்க மட்டும்தான் மொதல்லேர்ந்து சொல்லுன்னு கேக்கல. உங்களுக்கு ஒரு அம்பு வேணும்னா அதுக்கு நான் குறுக்க வரணுமா?"

அண்ணிக்குத் திரை கலங்கலாகத் தெரிந்தது. எழுத்தெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. கண்ணைத் துடைக்கக் கையை எடுக்கலாமா, விரல் என்டர் மேல் இருக்கிறதே என்று யோசித்தாள்.

நில்லக்கா தாளையும் திரையையும் ஒரு எழுத்து விடாமல் தலையிலிருந்து வால்வரைக்கும் ஒத்துப் பார்த்தாள். யாருக்கு. என்ன சரக்கு. எத்தனை பெட்டி. எந்த வேன். பிறகு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் அதுவரை ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். மரியாதை சேர்த்துச் சொல்ல இந்தத் தடவை நேரம் இருந்தது.

"எல்லாம் சரியா இருக்கு. அனுப்புங்க அண்ணி."